ரெண்டு அப்பா கேட்ட கிளாஸ்

அன்புள்ள மாறா,

உன் மெயில் போன வாரமே வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், உடனே பதில் எழுத உட்கார முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று சீரியல் வில்லியின் புடவைக் கரையை நொட்டை சொன்னார், பார்வை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

"ஒரு கிளாஸுக்கு ரெண்டு அப்பா வைக்க வழியே இல்லையா" என்று கேட்டிருந்தாய். கிளாஸ் என்பது ஆப்ஜெக்ட்களை வார்க்கிற அச்சு, அது தன் மெதட்களை (செய்யத் தெரிந்த வேலைகளை) வாரிசாக வாங்குகிற கிளாஸ்தான் நாம் சொல்லும் அப்பா. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு அப்பாதான். அதனால் நீ செய்ததையேதான் நானும் முதலில் செய்தேன். பொதுவான மெதட்களை ஒரு ஆப்ஜெக்ட்டில் போட்டு, ஆப்ஜெக்ட்.அசைன் என்ற நகலெடுக்கும் ஃபங்ஷனை வைத்து, கிளாஸின் மெதட்கள் இருக்கும் புரோட்டோடைப்பில் கொட்டினேன். அடி வாங்கியது ஒரு கடைக் கணக்கில். பாக்கித் தொகைக்கு ஒரு கெட்டர், அதாவது கேட்கும்போதெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லும் மெதட்: மொத்தத்திலிருந்து கட்டியதைக் கழிக்கும். அசைன் கெட்டரை அப்படியே எடுத்துப் போகாது. அந்த இடத்திலேயே ஓட்டிப் பார்த்து, வந்த விடையை மட்டும் எடுத்துப் போகும். அங்கே மொத்தமும் இல்லை, கட்டியதும் இல்லை. மறுநாள் காலை எல்லா வாடிக்கையாளர் பெயருக்கு நேரேயும் 'எண் அல்ல' என்று பொருள்படும் அந்த மூன்றெழுத்து, NaN. தமிழில் படித்தால் 'நான்'. தப்பு யாருடையது என்று கம்ப்யூட்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

இப்போது நகலெடுக்கிற வேலையே கிடையாது. 2015-இல் கிளாஸ் வந்தபோதே வழியும் கூட வந்துவிட்டது. அப்பா யார் என்று சொல்லும் 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் கிளாஸ் பெயர்தான் வர வேண்டும் என்றில்லை, ஃபங்ஷனைக் கூப்பிட்டும் எழுதலாம். ஆகவே மிக்ஸினை, அதாவது பல கிளாஸ்களில் கலக்கிற அந்தப் பொதுவான மெதட் தொகுப்பை, ஒரு ஃபங்ஷனாக எழுது: ஒரு கிளாஸை வாங்கி, அதை நீட்டித்த இன்னொரு கிளாஸைத் திருப்பித் தரட்டும். பிறகு பில் கிளாஸின் மேல் சேமிப்பு, பதிவேடு என்ற ரெண்டு மிக்ஸினை பதிவேடு(சேமிப்பு(பில்)) என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கெட்டர் கெட்டராகவே இருக்கும். ரெண்டிலும் சேவ் என்ற மெதட் இருந்தால், அதைக் கூப்பிட்டதும் வெளியே இருக்கும் பதிவேடு முதலில் ஓடும், அது சூப்பர்.சேவ் (அப்பாவின் சேவ்) என்று சொன்னால்தான் சேமிப்புக்கு முறை வரும். சொல்ல மறந்தால் உள்ளே இருப்பது ஓடவே ஓடாது. எரரும் வராது, அதுதான் கொடுமை.

நீ ஆறேழு அடுக்குவாய், உன்னைத் தெரியாதா. ரெண்டோடு நிறுத்து. ஒரே பெயரில் ரெண்டு மெதட் வந்தால் வெளியே இருப்பது உள்ளே இருப்பதைச் சத்தமில்லாமல் மூடிவிடும். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் குழு 2016-இல் மிக்ஸினே கெடுதல் என்று எழுதியபோது சொன்ன காரணங்களில் பெயர் மோதலும் ஒன்று. (அவர்களுடைய மிக்ஸின் வேறு ரகம், ஆனால் தலைவலி இதேதான்.) எனக்கு அவ்வளவு கோபமில்லை. டைமர், கேஷ் (cache, தற்காலிகச் சேமிப்பு) மாதிரி சொந்தமாக டேட்டா வைத்திருப்பதைத் தனி ஆப்ஜெக்ட்டாக உள்ளே வைத்துவிடுகிறேன். டேட்டா இல்லாத வெறும் பழக்கங்களுக்கு மட்டும் மிக்ஸின்.

மிக்ஸின் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாஸ்டன் பக்கத்தில் 1973-இல் தொடங்கிய ஸ்டீவ்ஸ் ஐஸ்கிரீம் கடையிலிருந்து. கொட்டை, மிட்டாய் எல்லாம் ஐஸ்கிரீமில் பிசைந்து கொடுப்பார்களாம். எம்ஐடி பல்கலைக்கழகத்தில் லிஸ்ப் மொழிக்கென்றே கம்ப்யூட்டர் செய்த லிஸ்ப் மெஷின்காரர்கள் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டார்கள். இதை என் பெண்ணிடம் சொல்லித் தொலைத்தேன், அன்று ரெண்டு கோன் செலவு.

அந்த பில் கிளாஸை அனுப்பு, பார்க்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா, இல்லையா? அம்மா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
செல்வம்