பிராக் நகரத்தை அடியிலிருந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணப் பக்கங்களில் செக் குடியரசின் பிராக் நகரம் வரும்போதெல்லாம் கடிகாரம், பாலம், கோட்டை என மூன்று படங்களோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. படத்துக்குக் கீழே ‘14ஆம் நூற்றாண்டுக் கட்டடம்’ என்று ஒரு வரி. அந்த ஊரில் ஒரே ஆண்டைச் சொல்லி முடித்துவிடக்கூடிய பழைய கட்டடங்கள் மிகக் குறைவு. முகப்பைப் பார்த்தால் அதைக் கடைசியாகத் திருத்தியவர்களின் காலம்தான் தெரியும். வீட்டின் வயது தெரிய நிலவறைக்குள் இறங்க வேண்டும்.

காரணம் வெள்ளம். வல்டாவா ஆறு அடிக்கடி ஊருக்குள் புகுந்ததால், 13ஆம் நூற்றாண்டிலிருந்து பழைய நகரத்தின் தெருக்களை மண் கொட்டி உயர்த்தினார்கள். அதற்கு முன் ரோமனெஸ்க் பாணியில் (தடித்த சுவரும் அரைவட்ட வளைவும் கொண்ட, கோதிக்குக்கு முந்தைய பாணி) கட்டிய வீடுகளின் தரைத்தளம் அப்படியே பூமிக்குள் போய்விட்டது. இன்று உணவகமாகவோ காட்சிக்கூடமாகவோ இருக்கும் சில நிலவறைகள், ஒரு காலத்தில் தெருவைப் பார்த்தபடி இருந்த அறைகள். சீராக வெட்டி வரிசை பிசகாமல் அடுக்கிய, மஞ்சள் கலந்த வெளிர்நிறச் சிறு கற்கள் தென்பட்டால் அதுதான் அந்தக் காலத்துச் சுவர். அந்தக் கல்லை ஒபுகா என்பார்கள். அதற்கு மேலே கூர்முனை வளைவு வாசல் இருந்தால், அது அடுத்து வந்த கோதிக் காலம். அதையும் மூடிய பூச்சும் சாளர அலங்காரமும் பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் பரோக் பாணி.

இந்த அடுக்குகளைப் புரிந்துகொள்ளப் பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கும் ‘கல் மணி வீடு’ நல்ல இடம். நெடுங்காலம் அது பரோக் பாணி முகப்புடன் மற்ற வீடுகளைப் போலவே நின்றது. அந்த முகப்பைக் களைந்தபோது உள்ளே கோதிக் கோபுர வீடு வெளிப்பட்டது. அதன் செதுக்குக் கற்களை உடைத்து, பழைய சாளரங்களை அடைக்கவே பயன்படுத்தியிருந்தார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்து மீட்டு, 1988இல் திறந்தார்கள். ஒரு காலத்தைக் காட்ட இன்னொரு காலத்தை உரித்தெடுப்பது எப்போதும் சரியல்ல; இந்த வீட்டில் கிடைத்தது இழந்ததைவிட அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

அதிகம் தவறாக எழுதப்படுவது புனித வீட்டுஸ் பேராலயம். 1344இல் மத்தியாஸ் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கினார். அவர் இறந்த பின் 1356 முதல் பீட்டர் பார்லர் தொடர்ந்தார். 1419இல் ஹுசைட் எனும் கிறித்தவச் சீர்திருத்தப் பிரிவினரின் கிளர்ச்சி மூண்டபோது பாதியில் நின்ற பணி 1929இல்தான் முடிந்தது. எல்லோரும் முன்னால் நின்று படமெடுக்கும் மேற்கு இரட்டைக் கோபுரம் 19ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கியது. பார்லரின் வேலையைப் பார்க்கக் கிழக்குப் பக்கம் சுற்றி வாருங்கள். உள்ளே போனால் பீடத்துக்கு மேலே வலைபோல் பின்னிய வளைகூரையை அண்ணாந்து பாருங்கள். தெற்கிலுள்ள பெரிய கோபுரத்தில் மூன்று காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன: அடியில் கோதிக், நடுவில் மறுமலர்ச்சிக் கால மாடம், உச்சியில் 1770இன் பரோக் கவிகை.

அதே தெற்குப் பக்கத்தில் ‘பொன் வாயில்’ மேல் 1370-71இல் பதித்த இறுதித் தீர்ப்பு மொசைக் (சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த படம்) இருக்கிறது. சுமார் 10 லட்சம் துண்டுகள். பல நூற்றாண்டுகளாக அதன்மேல் வெண்சாம்பல் படலம் படிந்துகொண்டே இருந்தது. துடைத்தால் போகும், சில ஆண்டுகளில் திரும்ப வரும். கோளாறு கண்ணாடியிலேயே இருந்தது. மரச்சாம்பல் சேர்த்துச் செய்த அந்தக் கண்ணாடியில் பொட்டாசியம் அதிகம். மழையும் கரிப்புகையின் கந்தக வாயுவும் பட்டால் அது கரைந்து உப்பாக வெளியேறும். 1890இல் பெயர்த்தெடுத்து 1910இல் மீண்டும் பதித்தும் பயனில்லை. 1992 முதல் சுமார் பத்தாண்டுகள் ஆய்வு செய்து, சுத்தம் செய்து, பல அடுக்குக் காப்புப் பூச்சு இட்ட பிறகே நிறங்கள் நிலைத்தன. அந்தப் பூச்சையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

சார்லஸ் பாலம் 1357இல் தொடங்கியது. 516 மீட்டர், 16 வளைவுகள். மேலுள்ள 30 சிலைகளில் பெரும்பாலானவை 1683க்குப் பின் வந்தவை. பல இப்போது நகல்களே. மூலச் சிற்பங்களில் பலவற்றைத் தேசிய அருங்காட்சியகத்தின் கற்சிற்பக் கூடத்தில் அருகில் நின்று பார்க்கலாம். மேற்குக் கரையில் உயரம் குறைந்த கோபுரம் பாலத்தைவிடப் பழையது; முன்பு அங்கே இருந்து 1342 வெள்ளத்தில் போன யூடித் பாலத்தின் மிச்சம் அது.

பிராக் வீடுகளின் கதவருகே இரண்டு எண் பலகைகள் இருக்கும். முகவரி தேட நீலத்தைப் பாருங்கள். அதுதான் தெரு வரிசை. சிவப்பு எண் 1770இல் தொடங்கிய பகுதிவாரிப் பதிவு என்பதால் அடுத்தடுத்த வீடுகளில்கூடத் தாறுமாறாக இருக்கும்.

பாலத்துக்குச் சூரியன் உதிக்கும் முன்பே போய்விடுங்கள். பிறகு நடக்கவே இடமிருக்காது. பேராலயத்தை ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ள வேண்டாம், வழிபாடு நடக்கும். மொசைக்கைப் பார்க்கக் கட்டணமில்லை. வெயில் நேராக விழும் நண்பகல் வேளை நல்லது. சிறு கற்கள் பதித்த தெருக்களில் குதிகால் உயர்ந்த செருப்பு உதவாது.

இனி அந்தப் பேராலயத்தின் படத்தை வெளியிடும்போது, படத்தில் இருப்பது எந்தப் பக்கம், அது எந்த ஆண்டில் கட்டியது என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழங்கட்டடக் கலையில் ஈடுபாடுள்ள வாசகர்