கோடைப் பயிலரங்கில் அலுவலகப் பணியாளருக்கும் இடம் வேண்டும்

ஐயா,

கோடை விடுமுறையில் கல்லூரிகள் நடத்தும் தொழில்நுட்பப் பயிலரங்குகள் பேராசிரியர்களையும் மாணவர்களையும் மனத்தில் கொண்டே திட்டமிடப்படுகின்றன. நாள் முழுதும் கணினி முன் அமர்ந்திருக்கும் அலுவலகப் பணியாளர்களை அழைப்பது அபூர்வம்.

2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்கீழ் மாதந்தோறும் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. நான் எழுத்தராக இருக்கும் மலைக் கல்லூரியில், தேயிலை பறிக்கும் தாய் ஒருவர் மகளின் பாஸ்புக்கை மூன்று முறை கொண்டுவந்து காட்டி, பணம் ஏறவில்லை என்று முறையிட்டார். ஆதார் வழியாகச் செலுத்தப்படும் பணம், நாம் எழுதிக்கொடுக்கும் கணக்குக்கு அல்லாமல், ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பழைய கணக்கொன்றில் அது சேர்ந்துகொண்டிருந்ததை வங்கிக்காரர்தான் கண்டுபிடித்தார். அரை மணி நேர வகுப்பில் தீர்ந்திருக்க வேண்டிய சங்கதி இது.

இன்னொன்று, மே மாதத்தில் உதகையில் பயிலரங்கு வைப்பது. மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்கிடையே பந்தலூரிலிருந்து கூடலூர், நடுவட்டம் வழியாகப் பேருந்தில் வந்து, பத்து மணி வகுப்புக்கு எப்படிச் சேர்வது? தங்கலாம் என்றால் சீசன் வாடகை எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் தனித்தனியே இரண்டு நாள் பயிற்சி நடத்த கல்லூரிக் கல்வித் துறை ஆவன செய்ய வேண்டும்.

– வாசகர், கோத்தகிரி