இடிக்கும் முன் தூண்களைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் நகரின் நடுவே எழுந்த அலுவலகக் கட்டடங்களில் இடம் போதாமல் போகும்போது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்ற முடிவு முதலில் எடுக்கப்படுகிறது; தூண்களும் தளங்களும் எந்த நிலையில் உள்ளன என்ற சோதனை அதன் பிறகே, அதுவும் பெயரளவுக்கு நடக்கிறது. கட்டமைப்புப் பொறியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இந்த வரிசை மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இத்தகைய கட்டடங்களில் முதலில் பழுதாவது வயரிங், குழாய், லிஃப்ட், ஏசி, ஜன்னல் ஆகியவைதான். நீர்க்கசிவு இல்லாமல் பேணப்பட்ட தூணும் உத்தரமும் அவற்றைவிட நெடுங்காலம் நிற்கும். அவற்றின் நிலையை வெறும் கண்ணால் மதிப்பிட முடியாது. கான்கிரீட்டிலிருந்து உருளைத் துண்டுகளை வெட்டியெடுத்து வலிமையைச் சோதிக்க வேண்டும். புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை மிஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும்; கரியமில வாயு ஊடுருவிக் காரத்தன்மை குன்றிய பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பகுதி கம்பி வரை எட்டிவிட்டால், துருவிலிருந்து கம்பியைக் காக்கும் தன்மை போய்விட்டது என்று பொருள். எட்டவில்லை என்றால், அந்தத் தூணை இடிக்க அதன் வயது மட்டும் காரணமாகாது. உப்பு கலந்த மணலைக் கொண்டு கட்டப்பட்டு உள்ளுக்குள் அரித்துப்போன கட்டடங்களும் உண்டு. அவற்றை இடிப்பதே சரி. ஆனால் அதையும் சோதனைதான் சொல்ல வேண்டும்.

பழைய கட்டடத்தை இடிக்காமல் விரிவாக்குவதானால், அதில்தான் கூடுதல் கவனம் தேவை. பழைய பகுதியின் அடித்தளம் மண்ணில் அமர வேண்டிய அளவு பெரும்பாலும் அமர்ந்து முடிந்திருக்கும். பக்கத்தில் எழும் புதிய பகுதி இனிமேல்தான் அமரும். இரண்டையும் இடைவெளியின்றி இறுகப் பிணைத்தால், இணையும் இடத்தில் விரிசல் விழுவது உறுதி. மேலே தளம் ஏற்றுவதானால், எடை குறைந்த எஃகுச் சட்டகம் பொருத்தமானது என்றாலும், பழைய அடித்தளத்துக்கு அதைத் தாங்கும் திறன் மிச்சமிருக்கிறதா என்று கணக்கிட்ட பிறகே அதைத் தொடங்க வேண்டும். புதிய லிஃப்டையும் மாடிப்படியையும் சூழும் கான்கிரீட் சுவர்களை விரிவாக்கப் பகுதியில் அமைத்து, புதிய பகுதி அமர்வதற்கு இடம்விட்டுப் பழைய தளங்களோடு முறையாக இணைத்தால், அக்காலத்தில் போதிய அளவு கணக்கில் எடுக்கப்படாத நிலநடுக்க விசையை அவை ஏற்கும். அவசர வழியும் கூடுதலாகக் கிடைக்கும்.

இது ஏட்டளவில் நிற்கும் யோசனை அல்ல. சிட்னியில் 1976-இல் கட்டப்பட்ட ஓர் அலுவலகக் கோபுரம், அதன் தூண்கள், உத்தரங்கள், தளங்களில் சுமார் 65 விழுக்காட்டைத் தக்கவைத்து, பரப்பளவில் ஏறத்தாழ இரு மடங்காகி, 2022-இல் குவே குவார்ட்டர் டவராக நிறைவுற்றது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது என்பதை நினைத்தால், நிற்கும் கான்கிரீட்டைத் தூளாக்கி அதே இடத்தில் புதிதாக வார்ப்பது எவ்வளவு பெரிய விரயம்!

புதுப்பித்தல் என்ற பெயரில் முகப்புக்குக் கண்ணாடி போர்த்துவதோடு நிறுத்திக்கொள்வதையும் ஏற்க முடியாது. நான் பார்த்த ஒரு கட்டடத்தில், கழிவறைக் கசிவைச் சரிசெய்யாமல் பொய்க்கூரையால் மறைத்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுந்தபோது, உள்ளே கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தது. அதன் கீழே ஊழியர்கள் நாள்தோறும் அமர்ந்திருந்தார்கள் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே, பழைய அலுவலகக் கட்டடத்தை இடிக்கவோ விரிவாக்கவோ அனுமதி கோரும் விண்ணப்பத்துடன் கட்டமைப்புச் சோதனை அறிக்கையை இணைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அங்கு வேலை செய்வோரும் அக்கம்பக்கத்தினரும் படிக்கும்படி அந்த அறிக்கையை வெளியிடவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர்