திருப்புகழுக்கு ஆடுவது பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். சனி, ஞாயிறு வகுப்புகள் வழக்கம்போல் நடக்கின்றன. ஆடிக் கிருத்திகைக்குப் பிள்ளைகளை அருணகிரிநாதரின் திருப்புகழுக்கே ஆட வைக்கப் போகிறாய் என்றதும் சந்தோஷம். பாட்டும் நட்டுவாங்கமும் (தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துவது) ஒன்றையொன்று துரத்துகின்றன என்று எழுதியிருந்தாய். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. திருப்புகழைக் கீர்த்தனை மாதிரி எடுத்துக்கொண்டு, முதலில் ராகம், பிறகு தாளம், கடைசியில் சொல் என்று போனால் இப்படித்தான் இடிக்கும். அங்கே சொல்லில்தான் தாளம் இருக்கிறது.

அருணகிரிநாதர் போட்ட மெட்டு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் பாடியவர். நம் கையில் இருப்பது ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பாட்டுகள். நீதிமன்ற உத்தியோகத்தில் இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சுவடி தேடி, 1894-லும் 1901-லும் இரண்டு பாகங்களாக அச்சிட்டதால் பிழைத்தவை அவை. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் திருத்தணியில் படிக்கு ஒரு திருப்புகழ் என்று டிசம்பர் 31 இரவுப் படி விழாவைத் தொடங்கினார். காஞ்சிபுரம் நாயனா பிள்ளை கடினமான தாளங்களில் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். இன்று கேட்கிற மெட்டெல்லாம் பின்னால் வந்தவர்கள் அமைத்தவை. ஆகவே ராகத்தை நீ மாற்றலாம், யாரும் கேட்க முடியாது. பாட்டின் தலையில் 'தத்தத்தன தத்தத் தனதன' என்று சந்தம் அச்சடித்திருக்கிறதே, அதைத் தொடக்கூடாது. அவர் சொல்லிலேயே விட்டுப்போன தாளக் குறிப்பு அது ஒன்றுதான்.

அதை எண்ணும் முறை சுலபம். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2. குறிலை ஒட்டி வல்லின ஒற்றோ மெல்லின ஒற்றோ வந்தால் 2. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரம் 1. ய், ர், ல், ள் போன்ற இடையின ஒற்றுகளைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. பிள்ளைகளைப் பாட்டுக்கு நிறுத்துமுன் இந்தக் கணக்கைக் கைதட்டிச் சொல்ல வை.

'முத்தைத்தரு பத்தித் திருநகை' எடுத்துக்கொள். முத்தைத்தரு 6, பத்தித் 4, திருநகை 4, ஆக 14. மிச்ர சாபு ஏழு அட்சரத் தாளம், அட்சரத்துக்கு இரண்டு மாத்திரை. அதன் 3-க்கு முதல் ஆறும், 4-க்கு அடுத்த எட்டும் அப்படியே உட்கார்ந்துவிடும். இப்படி மூன்று முறை வந்து, தொங்கலாக, அதாவது அடியின் கடைசித் துண்டாக, 'தனதான'. இந்தப் பாட்டில் உன் பிள்ளைகள் இடறுவது எங்கே என்று எனக்குத் தெரியும்: 'திக்கொட்க நடிக்க' என்ற இடம். பொருள் பார்த்துப் பிரித்தால் 'நடிக்க' என்று சேர்த்து அடி வைக்கத் தோன்றும். சந்தமோ 'திக்கொட்கந | டிக்கக் | கழுகொடு' என்று போகிறது. அந்த 'ந' ஆறின் கடைசி மாத்திரை. தட்டு விழ வேண்டியது 'டிக்'கில். பொருள் பிரித்த புத்தகத்தை வீட்டில் படிக்கட்டும், ஒத்திகைக்குச் சந்தம் பிரித்த பிரதியை மட்டும் கொடு.

இன்னொன்று. இதே பாட்டில் 'தொக்குத்தொகு தொக்குத் தொகுதொகு' வரும்போது பலர் அந்த வரியை ஓடவிட்டுத் தனியாக ஒரு ஜதி (ஆட்டத்துக்கான சொற்கட்டு) வைக்கிறார்கள். அட்ட பைரவர்கள் பவுரிக் கூத்துக்கு (சுழன்றாடுவது) சொல்கிற சொற்கட்டே அதுதான். அதன் மேல் இன்னொரு சொற்கட்டு எதற்கு? சொல்லுக்குச் சொல் அடி போட்டால் போதும். அடுத்து 'குக்குக்குகு குக்குக் குகுகுகு' வருகிறதல்லவா, அது கிழட்டுக் கோட்டானின் அலறல். 'குத்திப்புதை புக்குப் பிடி' என்பதும் கோட்டான் கத்துவது அப்படிக் கேட்கிறது என்பதுதான். அங்கே வேலால் குத்துவதாகக் காட்டினால் பாட்டே மாறிப்போகும். கழுத்தை உள்ளிழுத்து, கண்ணை உருட்டி, பறவையாக நில். போர்க்களத்தில் பிணத்துக்குக் காத்திருக்கிற பறவை, கொஞ்சம் அருவருப்பும் இருக்கட்டும்.

நீ கேட்ட இரண்டாவது விஷயம், எந்தப் பாட்டு அபிநயத்துக்கு, எது நிருத்தத்துக்கு என்பது. தலைப்பில் உள்ள சந்தத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். தத்த, தத்தத் என்று வல்லின ஒற்று மிகுந்திருந்தால் அங்கே கார்வை (ஒலியை நீட்டுவது) நிற்காது. 'முத்'தில் வாய் அடைத்துவிடுகிறது, ஸ்வரத்தை அசைத்துக் கமகம் எங்கே பிடிப்பது? அது காலுக்கான பாட்டு. தான, தானான என்று நெடில் மிகுந்தவை கைக்கும் முகத்துக்கும். தந்த, தந்தன என்று வருபவை இந்த இரண்டு வகைக்கும் நடுவே. மூக்கொலியில் கொஞ்சம் நிற்கலாம். வல்லினச் சந்தத்தை விளம்பத்தில் இழுத்துப் பாடினால் ஒற்றுக்குப் பதில் உயிர் நீண்டு, 'முத்தை' 'மூத்தை' ஆகும். துரிதத்தில் விட்டால் ஒற்று விழுங்கப்படும். மத்திம காலத்தை விட்டு நகராதே.

பெரிய பிள்ளைகளுக்கு, எல்லோரும் ஆட முருகனையும் மயிலோடு ஆட அழைக்கும் 'அதல சேடனாராட' வைத்திருக்கிறாய். சரியான தேர்வு, கூடவே ஆபத்தான தேர்வும். அதல 3, சேட 3, னாராட 5. மொத்தம் 11, அதாவது ஐந்தரை அட்சரம். தட்டுவது 1½, 1½, 2½. பக்கவாத்தியக்காரர்களுக்கு அவசரமென்றால் கடைசி 'ட'வை ஒரு மாத்திரை நீட்டி ஆறாக்கி, ரூபகத்தில் தள்ளிவிடுவார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மயில் துள்ளாது. அந்த அரை அட்சரக் குறைதான் அடுத்த அடியை முன்னால் தள்ளுகிறது. மிருதங்கக்காரரிடம் முதல் ஒத்திகையிலேயே பேசிவிடு. தொங்கலுக்கும் ஒரு முழு ஆவர்த்தம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) கொடு: பாட்டு 5, மீதி 6 கார்வை. அந்த ஆறில் இரண்டு தகிட போட்டால் பிள்ளைகள் இடம் மாறிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

உச்சரிப்பில் மூன்று இடம் கவனி. 'அவளோடன்று' என்று பாடினால் ஒரு மாத்திரை மிகும். 'அவளோடன்' என்று தொங்கலை முடித்து, 'றதிர வீசி' என்று அடுத்ததைத் தொடங்கச் சொல். 'மலரில்' என்பதில் ல் கணக்கில் இல்லை, அழுத்தக் கூடாது. பின் பாதியில் 'பிரபுடதேவ' என்பதை 'ப்ரபுட' என்று சேர்த்துச் சொன்னால்தான் 3. பி-ர-பு-ட என்று நாலாக எண்ணி அங்கேயே தாளம் விட்டவர்கள் நிறையப் பேர்.

ஆடுகிறவர்கள் ஆதிசேடன், மேரு, காளி, விடையேறும் சிவன், பூத வேதாளம், வாணி, பிரமன், வானோர், மதி, மாமியார் லட்சுமி, மாமனார் திருமால் என்று வரிசையாக வருகிறார்கள். பெரும்பாலோர்க்கு ஓர் ஆவர்த்தமே, தொங்கலில் வருகிற மதிக்கு அதுவும் முழுதாக இல்லை. ஒரு முத்திரை, ஒரு நடை, அதற்கு மேல் இடமில்லை. ஒவ்வொருவருக்கும் சஞ்சாரி வைத்து விரித்துக் காட்டப்போனால் மயில் வருவதற்குள் சபை கொட்டாவி விடும். காளியோடு வாதாடும் சிவனுக்கு மட்டும் வரி நீளுகிறது. சஞ்சாரி வேண்டுமென்றால் அங்கே ஒன்று. கிழவர்கள் மலைகள் எல்லாம் ஆடி முடித்த பிறகுதான் 'மயிலுமாடி நீயாடி வரவேணும்' என்று முருகனைக் கூப்பிடுகிறார் அருணகிரிநாதர். பல்லவி இல்லாத குறைக்கு இந்த அடியைத் திரும்பத் திரும்ப எடு. பாட்டின் தொடக்கத்தை எடுக்காதே, சேடனையே நாலு தரம் ஆட வைக்க வேண்டிவரும். 'உளமும் ஆட' என்று வருவது விஜயநகர அரசர் பிரபுடதேவராயரின் உள்ளம். அவர் காண முருகன் தூணில் தோன்றியதாகச் சொல்கிற வரலாறு இந்தப் பாட்டோடு சேர்ந்தது, திருவண்ணாமலையில் கம்பத்திளையனார் சந்நிதி அதற்குத்தான். அதனால் அந்த இடத்தில் அரசனை நிற்க வைத்து, நெஞ்சில் மட்டும் அசைவைக் காட்டச் சொல்.

சின்னக் குழந்தைகளுக்கு 'ஏறுமயிலேறி' போதும். 5, 5, 5, பிறகு 4. ஒரு மாத்திரை கார்வை சேர்த்தால் எல்லாம் ஐந்தைந்தாகக் கண்ட சாபு. ஆறு முகம் என்றதும் தலையை ஆறு பக்கம் திருப்பவிடாதே. வரிக்கு வரி வேறு வேறு செயல் இருக்கிறது: விளையாட்டு, ஞானமொழி, வினை தீர்த்தல், வேல் வாங்கி நின்றது, சூரனை வதைத்தது, வள்ளியை மணந்தது. நிலையை மாற்று, முகம் தானாக மாறும்.

சில திருப்புகழ்களில் வரும், விலைமாதரைப் பழிக்கும் முன்பாதிகளை வெட்டலாமா என்று கேட்டிருந்தாய். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனமில்லை. வெட்டுவதைவிட அது இல்லாத பாட்டாகத் தேடு, நிறைய இருக்கிறது. எதைச் சுருக்கினாலும் 'பெருமாளே' வரை போய் முடி, அது அவர் முத்திரை. முன்னால் தாளமில்லாமல் விருத்தம் வேண்டுமென்றால் கந்தரனுபூதியில் ஒரு செய்யுள் பாடச் சொல்; அதற்குப் பிறகு உடனே ஐந்தரையில் இறங்காமல், வெறும் சந்தத்தை ஒரு ஆவர்த்தம் 'தனன தான தானான' என்று பாடகர் சொல்லட்டும், நட்டுவாங்கம் பிடித்துக்கொள்ளும்.

பாடப்போகிறவர் யார், சுருதி எத்தனை கட்டை என்று எழுது. சந்தம் பிரித்த பிரதியை மூன்று பாட்டுக்கும் எழுதி அடுத்த தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜி