மதிப்பிட்டவர்களைப் பற்றியும் பேச வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய அரசியல் குறித்து அரசறிவியல் பேராசிரியர் ஒருவர் தங்கள் இதழில் எழுதிவரும் பத்தியை விடாமல் வாசித்து வருகிறேன். முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்தைச் சொல்லாமல் எடுத்தாண்டதால் பதவியிழந்த அமைச்சர்களைப் பற்றிய அண்மைப் பகுதி சுவையாக இருந்தாலும், பழி முழுவதையும் அரசியல்வாதிகளின் பட்ட மோகத்தின் மீது அவர் இறக்கிவைத்துவிட்டதை ஏற்க இயலவில்லை.

ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க்கின் ஆய்வேட்டுக்கு பைராய்ட் பல்கலைக்கழகம் தன் உச்சத் தகுதியை வழங்கியிருந்தது. அது நூலாக வெளிவந்து, பிரெமன் நகரச் சட்டப் பேராசிரியர் ஒருவர் மதிப்புரை எழுதுவதற்காகப் படித்தபோதுதான் பிறர் எழுத்து சொல்லாமல் எடுத்தாளப்பட்டிருப்பது 2011இல் அம்பலமானது. ஆராய்ச்சி உதவியாளரையா நியமித்தேன், அமைச்சரைத்தானே என்ற பொருளில் பிரதமர் மெர்க்கெல் சமாளித்துப் பார்த்தார்; ஆயிரக்கணக்கான ஆய்வு மாணவர்கள் அவருக்குத் திறந்த மடல் எழுதினார்கள்; மார்ச் முதல் நாள் அமைச்சர் விலகினார். அவ்வளவு உயர்ந்த தகுதியை வழங்கிய மதிப்பீட்டாளர்கள் எதைப் படித்தார்கள் என்ற கேள்வி மட்டும் ஓரங்கட்டப்பட்டது. ஆய்வேட்டை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதி ஜெர்மனியில் இல்லாதிருந்தால், அந்த ஏடு இன்றும் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும்.

ஹங்கேரியில் நடந்தது இன்னும் விசித்திரம். வாள்வீச்சில் ஒலிம்பிக் தங்கம் வென்றவரும் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவருமான பால் ஷ்மிட், நவீன ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றி 1992இல் அளித்த ஆய்வேட்டின் பெரும்பகுதி பிறருடைய எழுத்து என்று 2012இல் தெரியவந்தது. விசாரணைக் குழுவோ, உரிய காலத்தில் கண்டுபிடிக்கத் தவறியது பட்டமளித்த நிறுவனத்தின் குறையே என்று ஒரு விளக்கம் அளித்தது. குற்றவாளிக்கு வசதியாகச் சொல்லப்பட்ட இந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஆயினும் செம்மல்வைஸ் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு பட்டத்தைப் பறித்தது. குடியரசுத் தலைவர் ஷ்மிட் ஏப்ரல் 2ஆம் நாள் விலகினார். அதே நாள்களில், அமைச்சகத்தின் நம்பிக்கையை இழந்துவிட்டதாகக் கூறிப் பல்கலைக்கழகத்தின் தலைவரும் விலகினார். கடமையைச் செய்ததற்கு அவருக்குக் கிடைத்த பரிசு அது.

பத்தியாளர் ஒரே வரியில் கடந்துவிட்ட, ஜெர்மானிய அமைச்சராக இருந்த பிரான்சிஸ்கா கிஃபையின் விவகாரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் 2019இல் அவருடைய ஆய்வேட்டில் குறைகளைக் கண்டும், கண்டனம் மட்டும் தெரிவித்துப் பட்டத்தை அவரிடமே விட்டுவைத்தது. அப்படிக் கண்டனத்தோடு நிறுத்திக்கொள்ள விதிகளில் இடமே இல்லை என்று சட்ட நிபுணர் கருத்துரை வந்த பிறகு மறு ஆய்வு நடந்து, 2021 ஜூனில்தான் பட்டம் ரத்தானது. முந்தைய மாதமே குடும்ப நல அமைச்சர் பதவியைத் துறந்திருந்த கிஃபை, அவ்வாண்டு டிசம்பரில் பெர்லின் மேயரானார். வாக்காளர்கள் மன்னித்தது அவர்கள் உரிமை. அதிகாரத்தில் இருப்பவர் என்றதும் பல்கலைக்கழகம் தயங்கியதா என்பதைத்தான் ஓர் அரசறிவியலாளர் ஆராய்ந்திருக்க வேண்டும்.

ஆய்வேடுகளைத் திருத்தி, வாய்மொழித் தேர்வுகளில் அமர்ந்த அனுபவம் உடையவர் பத்தியாளர். மேற்பார்வையாளர்களும் மதிப்பீட்டாளர்களும் எவ்வளவு படிக்கிறார்கள், எங்கே கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்பதை அடுத்து வரும் பகுதிகளில் ஒன்றிலேனும் அவர் எழுதுமாறு தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி