எண்ணிக்கை சொல்லும் குரலுக்கும் நாற்காலி காக்கும் வீட்டுக்கும் நன்றி

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் உடற்பயிற்சி செய்யும் மூத்தோர் குழுவின் வணக்கம். பெயர் போட்டால் கூச்சப்படுவீர்கள். அதனால் செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம், உரியவர்களுக்குப் புரியும்.

முதலில் தூய்மைப் பணியாளர் அக்காமார்களுக்கு. நாங்கள் வருவதற்குள் நடைபாதையைப் பெருக்கிவிடுகிறீர்கள். நனைந்த வாதாம் இலை கல்லோடு ஒட்டிக்கிடந்தால், அடி தேயாத ஷூவும் வழுக்கும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மறுபடி நடமாடுவதே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் படாத வளைவுகளில் பாசி படியும்போது பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக் கழுவுகிறீர்களே, மருந்துக்கடையில் கிடைக்காத வைத்தியம் அது.

பக்கத்துத் தெரு வீட்டு அம்மா, உங்கள் போர்டிகோவில் எங்கள் நாற்காலிகளை வைக்க இடம் கொடுத்தீர்கள். கை வைத்த நாற்காலி, உட்காரும் உயரம் 17 முதல் 18 அங்குலம். அதைவிடத் தாழ்ந்தால் எழும்போது பாரமெல்லாம் முட்டியில் இறங்கும். பிளாஸ்டிக் வெயிலில் கிடந்தால் மொறுமொறுத்துப்போய்க் காலும் இருக்கையும் சேரும் இடத்தில் விரிசல் விடும். நிழலில் இருப்பதால்தான் நம்பி உட்கார முடிகிறது.

அந்த நாற்காலியில் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் தங்கைக்குத் தனி நன்றி. நாற்காலியின் முதுகைச் சுவரோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நகரும். இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, குதிகாலை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து எழ வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக. பொத்தென்று விழுந்தால், எலும்பு தேய்ந்தவர்களுக்கு முதுகெலும்பே நசுங்கக்கூடும். கழுத்தைச் சுற்றுவதையும், எழுந்த உடனே குனிந்து கால்விரல் தொடுவதையும் நிறுத்தியது நீங்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவர்களைச் சில வாரம் குனியவே விடவில்லை. அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

எண்ணிக்கை சொல்லும் சாருக்கு. பத்துவரை நீங்கள் உரக்கச் சொல்ல, நாங்கள் கூடவே சொல்கிறோம். வாய்விட்டு எண்ணுகிறவர் மூச்சைப் பிடிக்க முடியாது. மூச்சைப் பிடித்துத் தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், விட்டதும் இறங்கும், தலை சுற்றும். காது மந்தமானவர்களை முன்வரிசையில் உங்களுக்கு எதிரே நிறுத்துகிறீர்கள், உதட்டசைவைப் பார்த்தே கூட வருகிறார்கள். யாருடைய குரல் தேய்கிறதோ அவரை உட்காரச் சொல்கிறீர்கள். பேச முடிய வேண்டும், பாட வராத அளவு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் எங்கள் அளவு.

டீக்கடைத் தம்பி, சர்க்கரை தாழ்ந்து வேர்த்து நடுங்குகிறவருக்கு பிஸ்கட் வேலைக்காகாது, மெதுவாகத்தான் ஏறும் என்று தெரிந்து வைத்திருக்கிறீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்தும் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்கிறீர்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் கடைப்பையன் வரை சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

இனி நோட்டு வைத்திருக்கும் மாமிக்கு. குழு நிற்பதே உங்களால்தான். ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாத மருந்து, மாற்றுச் சாவி யாரிடம் என்று ஆளுக்கொரு பக்கம். மாத்திரை மாறினால் பழையதை அடித்து, தேதி போட்டுப் புதியதை எழுதுகிறீர்கள். பழைய சீட்டை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவது, சீட்டே இல்லாமல் போவதைவிட மோசம். சொல்லாமல் ஒருவர் வராவிட்டால் 9 மணிக்குள் போன். எடுக்காவிட்டால் முதல் அழைப்பு அடுத்த வீட்டுக்கு, பிறகுதான் பிள்ளைக்கு. நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளையால் கதவைத் தட்ட முடியாது, பதறத்தான் முடியும். உடனே இருவர் கிளம்புகிறார்கள்: ஒருவர் கூட இருக்க, ஒருவர் ஓடியாட. சாவி வாங்கி வைத்திருக்கும் அண்டை வீட்டாருக்கும், எந்த நேரமும் கேட்டைத் திறந்துவிடும் அடுக்குமாடி வாட்ச்மேன் அண்ணன்களுக்கும் எங்கள் கைகூப்பு.

அடைமழை நாட்களில் பயிற்சி இல்லை. மாமியின் போன் மட்டும் வழக்கம்போல வரும், எடுத்துப் பேசுங்கள்.

அன்புடன்,
காலை உடற்பயிற்சிக் குழுவினர்
நாகேஸ்வர ராவ் பூங்கா, மயிலாப்பூர்