நீ அனுப்பிய ஓவியம்

கும்பகோணம்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கு அனைவரும் நலம். பல வாரங்கள் எதுவும் எழுதாமல் இருந்துவிட்டு, ஒரு சொல்லும் சேர்க்காமல் ஓர் ஓவியத்தை மட்டும் அனுப்பியிருந்தாய். வாழ்நாள் முழுவதும் ஓவிய ஆசிரியராக இருந்தவனுக்குப் படத்தை அனுப்பிவிட்டு நீ மௌனமாக இருந்தால், அவன் அந்தப் படத்தைத்தான் கடிதமாகப் படிப்பான்.

அது உக்ரேனிய ஓவியர் மிகோலா பிமோனென்கோ 1888-இல் தீட்டிய ஓவியம். கிறிஸ்துமஸ் பண்டிகை நாட்களின் இரவொன்றில், குடிசைக்குள் இரண்டு இளம்பெண்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுவரில் விழும் நிழலைப் பார்த்துத் தங்கள் வருங்காலத்தைக் கணிக்கிறார்கள். மெழுகுவர்த்தி ஒளியைத் தீட்டுவது எவ்வளவு கடினம் என்பதை நான் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவன். சுடருக்கு ஒரு முழம் தள்ளிப் போனாலே வெளிச்சம் பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்பைக் கறுப்பாக்கிவிடாமல், அதற்குள்ளும் சுவரும் துணியும் தெரியும்படி செய்திருக்கிறார் பிமோனென்கோ. அந்த முகங்களில் பயமும் ஆசையும் கலந்திருக்கின்றன. நாட்டுப்புற வழக்கத்தை வேடிக்கைப் பொருளாகக் காட்டும் ஓவியர்கள் பலர் உண்டு. இவர் அந்தப் பெண்களின் கேள்வியைத் தன் கேள்வியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் யாரை மணப்போம் என்ற ஒரே கேள்விதான். உருக்கிய மெழுகைக் குளிர்ந்த நீரில் ஊற்றி அது உறையும் வடிவத்தில் மாப்பிள்ளையின் தொழிலைத் தேடுவதும், அந்திரேயர் திருநாளுக்கு முந்திய இரவில் ஆளுக்கொரு சிறு ரொட்டி சுட்டு வைத்து, நாய் எவளுடைய ரொட்டியை முதலில் தின்கிறதோ அவளுக்கே முதலில் கல்யாணம் என்று சிரிப்பதும் உக்ரேனிய கிராமங்களில் இருந்த வழக்கங்கள். இவை எல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும்; யாராவது சொல்லியிருப்பார்கள். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிமோனென்கோ 1862-இல் கீவ் நகரின் புறத்தேயிருந்த பிரியோர்கா என்ற ஊரில், திருவுருவங்கள் தீட்டுபவரின் மகனாகப் பிறந்தவர். பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகப் படிப்பை உடல்நலக் குறைவாலும் வறுமையாலும் பாதியில் விட்டுக் கீவ் திரும்பி, தான் பயின்ற முராஷ்கோவின் ஓவியப் பள்ளியிலேயே ஆசிரியரானார். நீயும் 2022-இல் போர் மூண்டபோது உக்ரைனின் கார்கிவ் நகரில் பாதி மருத்துவப் படிப்போடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, பிறகு ஊரே தடுத்தும் அதே நாட்டின் லிவிவ் நகருக்குத் திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தவள்தான். அதைப் பெருமையோடு எல்லோரிடமும் சொல்கிறேன். அதே பிடிவாதத்தோடு அப்பாவிடம் பேசாமலும் இருக்கிறாயே, அதை யாரிடம் சொல்வது?

சைரன் ஒலித்தால் உடனே நிலவறைக்குப் போய்விடு. வேலை பாதியில் கிடந்தாலும் போய்விடு.

பிமோனென்கோவின் 1891-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று கீவ் மாகாணத்துத் திருமணத்தைக் காட்டுகிறது. அந்நாட்டு வழக்கப்படி, பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வருவார்கள்; சம்மதமென்றால் பெண் தன் கையால் பூவேலை செய்த துண்டை அவர்களுக்குக் கட்டுவாள்; இல்லையென்றால் பூசணிக்காயைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளாமல் போவதற்கு வழி செய்த அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். திருச்சி வரனைப் பற்றி இனி நானோ உன் சின்ன அத்தையோ எழுத மாட்டோம். பிமோனென்கோவும் தன் ஆசானாக மதித்த ஓவியர் ஒர்லோவ்ஸ்கியின் மகளைத்தான் மணந்தார். ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வது எளிது என்பது என் எண்ணம். மருத்துவமனைகளிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீ அனுப்பிய ஓவியம் இன்று பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பெண்கள் உக்ரேனியக் குடிசைக்காரிகள். அவர்கள் உருவம் மட்டும் அங்கே. 2022 மார்ச்சில் கார்கிவ் கலை அருங்காட்சியகத்தின் சன்னல் கண்ணாடிகள் குண்டுவீச்சில் சிதறிய செய்தியைப் படித்த அன்று நீ போலந்து எல்லையைத் தாண்டிவிட்டாயா என்றுதான் நானும் உன் அம்மாவும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில் நீ பட்டதை இன்றுவரை நீ சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று கட்டாயமும் இல்லை. சைரன் கேட்டால் மட்டும் காத்திருக்காதே, இறங்கிவிடு.

உன் அம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, நிழலைப் பார்க்கும் பெண்ணுக்கு ஏற்கெனவே விடை தெரியும், சொல்லத்தான் தயங்குகிறாள் என்றாள். ஓவியம் பற்றி அவள் சொன்னது சரியென்றே எனக்கும் படுகிறது. அந்தப் பெண்ணின் தாய் தந்தையர் படத்தில் இல்லை. பக்கத்து அறையில் விழித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

விடுமுறைக்கு வரும்போது தனியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. இருவராக வருவதென்றால் ஒரு மாதம் முன்பே எழுது. மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா